கண்ணால் கண்ட சாட்சி

 

கொடுக்கல் வாங்கலையும் வஸிய்யத்தையும் உயிரோடிருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்த பூந்தமல்லிச் சகோதரி ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார்: "எங்களுக்குச் சொத்தும் இல்லை, அல்லாஹ்வின் அருளால் கடனும் இல்லை. எங்களைப் போன்றவர்கள் வீட்டில் எழுதி வைக்க என்ன இருக்கிறது?"

நியாயமான கேள்விதான். இதற்கான விடை என் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. அது என் மூத்த காக்காவின் பெட்டி. அவர் வஃபாத்தாகி இரண்டு பத்தாண்டுகள் கடந்துவிட்டன. அதில் ஒரு சால்வை, ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு சிறிய குறிப்பேடு ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் இல்லை. குறிப்பேட்டில் ஏழு பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பெயர்களின் வரலாற்றை இம்மாதம் சொல்லுகிறேன்.

எங்கள் வாப்பா இராமநாதபுரம் சீமையின் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து பர்மாவுக்குப் பிழைக்கப் போனவர். ரங்கூனில் மொகல் தெருவுக்கு அருகே ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதினார். காக்கா 1924இல் அங்கேதான் பிறந்தார். நான் கடைக்குட்டி, 1946இல் பிறந்தேன். எங்கள் இருவருக்கும் இருபத்திரண்டு வயது வித்தியாசம். எனக்கு விவரம் தெரியும் முன்பே வாப்பா காலமாகிவிட்டதால், வாப்பாவின் இடத்திலிருந்து என்னை வளர்த்தவர் காக்காதான்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. இலட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியாகவும் மலை வழியாகவும் கால்நடையாகத் தாயகம் நோக்கிப் புறப்பட்டார்கள். வழியிலேயே பசியாலும் நோயாலும் மாண்டவர்கள் பலர். எங்கள் உம்மா அப்போது நடக்க இயலாத நிலையில் இருந்ததால் எங்கள் குடும்பம் ரங்கூனிலேயே தங்கிவிட்டது.

1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டிலேயே ரங்கூனுக்கு வந்து, நாடு கடத்தப்பட்டு அங்கே அடங்கியிருக்கும் கடைசி முகலாய மன்னர் பஹதூர் ஷா ஜஃபரின் கப்றில் மரியாதை செலுத்தினார். 1944 ஜனவரியில் தற்காலிக அரசின் தலைமையிடமே ரங்கூனுக்கு மாறியது. செல்வர்கள் செல்வத்தைக் கொடுத்தார்கள். அப்துல் ஹபீப் யூசுஃப் மர்ஃபானி என்ற மேமன் வணிகர் தம் உடைமை முழுவதையும், ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ளதை, அள்ளிக் கொடுத்து "சேவக்-இ-ஹிந்த்" என்ற விருதைப் பெற்றார். கொடுக்கப் பொருளில்லாத வீட்டுப் பிள்ளைகள் தங்களையே கொடுத்தார்கள். துறைமுகப் பட்டறையில் லேத் வேலை கற்றுக்கொண்டிருந்த காக்கா, இருபது வயதில் அந்தப் படையில் சேர்ந்தார்.

"இத்திஹாத், இஃதிமாத், குர்பானி" என்பது அப்படையின் முழக்கம். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்பது அதன் பொருள். அங்கே சாதிக்கொரு சமையல், மதத்துக்கொரு பந்தி என்பது கிடையாது. தமிழர், பஞ்சாபியர், மலையாளிகள் எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டார்கள்.

காக்காவின் கையில் துப்பாக்கியை விட அதிகம் இருந்தது நோயாளிகளைத் தூக்கும் தூளிதான். மேமியோ என்ற மலையூரில் இருந்த தேசிய இராணுவ மருத்துவமனையில் அவரை உதவியாளராக நியமித்தார்கள். 1944 மார்ச்சில் தொடங்கிய இம்பால் படையெடுப்பு, மழைக்காலத்தில் முறிந்தது. உணவும் மருந்தும் போய்ச் சேரவில்லை. குண்டடி பட்டவர்களை விட, மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் எலும்புக்கூடாகித் திரும்பியவர்களே அதிகம். இரவு நேரத்தில் அவர்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பது காக்காவின் வேலை. சாகும் தறுவாயில் ஒருவர் தம் ஊர்ப் பெயரையும் வீட்டாரின் பெயரையும் சொல்லி, "நீ ஊருக்குப் போனால் சொல்லிவிடு" என்றாராம். காக்கா அதை எழுதிக் கொண்டார். பிறகு இன்னொருவர் சொன்னார். இப்படி ஏழு பேர். குறிப்பேட்டில் இருக்கும் ஏழு பெயர்களும் அவைதாம்.

1945 ஏப்ரல் 24 அன்று நேதாஜி ரங்கூனை விட்டுப் புறப்பட்டபோது, தமிழரான மேஜர் ஜெனரல் லோகநாதனின் பொறுப்பில் ஆயிரக்கணக்கான வீரர்களை நகரில் விட்டுச் சென்றார். மேமியோவிலிருந்து ரங்கூனுக்கு வந்து சேர்ந்திருந்த காக்காவும் அவர்களில் ஒருவர். 1942இல் ஆங்கிலேயர் நகரைக் கைவிட்டபோது கொள்ளையும் தீவைப்பும் தலைவிரித்தாடின. ஜப்பானியர் வெளியேறி ஆங்கிலேயர் திரும்பி வருவதற்கு இடைப்பட்ட நாட்களில் மீண்டும் அவ்வாறு நிகழாதபடி தெருத் தெருவாக நின்று காத்தவர்கள் இந்த வீரர்களே. மே மாதத் தொடக்கத்தில் ஆங்கிலேயப் படை வந்தது. காத்து நின்றவர்கள் கைதிகளானார்கள். காக்கா ரங்கூன் சிறைக்குப் போனார்.

அச்செய்தி கேட்டதும் உம்மா செய்த முதல் காரியம், வீட்டில் இருந்த காக்காவின் படைத் தொப்பியையும் அடையாளத் தாள்களையும் அடுப்பில் போட்டு எரித்ததுதான். பெற்ற வயிறு பயந்தது. குறை சொல்ல முடியாது. குறிப்பேடு மட்டும் அரிசிப் பானைக்குள் இருந்ததால் தப்பியது. சில மாதங்களில் காக்கா விடுதலையாகி வந்து, மறுபடியும் லேத் பட்டறைக்கே போனார்.

இந்தியாவுக்கு நாங்கள் வந்தது 1965இல். 1962இல் ஆட்சியைக் கைப்பற்றிய நெ வின் அரசு, 1964இல் கடைகளையெல்லாம் தேசியமயமாக்கியது. அவ்வாண்டு மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவையாகின. காக்காவின் பல்லாண்டுச் சேமிப்பு ஒரே நாளில் காகிதமாயிற்று. உம்மா, காக்கா, மச்சி, அவர்களுடைய கைக்குழந்தை, நான் ஆக ஐந்து பேரும் ஒரு தகரப் பெட்டியுடன் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினோம். தாயகம் என்று நாங்கள் சொல்லிக் கொண்டிருந்த நாட்டில் எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவருமில்லை. 'பர்மாக்காரர்கள்' என்றுதான் எங்களை அழைத்தார்கள்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அப்போதுதான் தொடங்கியிருந்தது. அங்கே ஒரு சிறு பட்டறையில் காக்காவுக்கு லேத் வேலை கிடைத்தது. திருமுல்லைவாயிலில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். நாள்தோறும் சைக்கிளில் வேலைக்குப் போய் வருவார். அவ்வாண்டு இறுதியில் ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கிகள் வெளிவரத் தொடங்கின. ஆவடிப் பக்கம் போகும்போது டாங்கியின் இரைச்சல் கேட்டால் காக்கா சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பார். தேசிய இராணுவத்தில் இருந்தவர்களைச் சுதந்திர இந்தியா தன் படையில் திரும்பச் சேர்த்துக் கொள்ளவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. "நம் கையால் செய்த டாங்கி" என்று மட்டும் சொல்லுவார்.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் காக்கா குறிப்பேட்டை எடுத்தார். பட்டறை விடுமுறை நாட்களில் ஒவ்வோர் ஊராகத் தேடிப் போனார். மதுரைப் பக்கம் ஒன்று, தஞ்சைப் பக்கம் இரண்டு, இராமநாதபுரத்தில் ஒன்று ஆக நான்கு வீடுகளைக் கண்டுபிடித்தார். இரண்டு வீட்டார் ஊரை விட்டே போய்விட்டிருந்தார்கள். ஏழாமவர் பஞ்சாபியர். ஆவடியில் பணியாற்றிய ஒரு சீக்கிய ஹவில்தாரைப் பழக்கம் பிடித்து, அவரைக் கொண்டு பஞ்சாபி மொழியில் கடிதம் எழுதச் சொன்னார். முகவரியைப் பார்த்த ஹவில்தார், "பாய், இந்தக் கிராமம் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது" என்றாராம். ஆனாலும் கடிதம் போயிற்று. பதில் வரவில்லை.

இராமநாதபுரம் பயணத்தில் நானும் உடன் சென்றேன். 1967ஆம் ஆண்டு, எனக்கு இருபத்தொரு வயது. அது ஒரு முஸ்லிம் வீடு. பெண்களிடம் பேச ஒரு பெண் வேண்டும் என்று காக்கா என்னை அழைத்துக்கொண்டு போனார்.

மறைந்தவர், மனைவியையும் கைக்குழந்தையையும் ஊரில் விட்டு 1940இல் ரங்கூனுக்குப் போனவர். பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. இருக்கிறார் என்பார் சிலர். பர்மாவில் வேறு குடும்பம் வைத்துவிட்டார் என்பார் சிலர். அந்த அம்மையார் இருபத்தேழு ஆண்டுகள் இந்த இரண்டு பேச்சுக்கும் இடையில் வாழ்ந்திருக்கிறார். சொத்துப் பங்கும் அதனால் முடிவாகாமல் நின்றிருந்தது.

ஜமாஅத் பெரியவர்கள் திண்ணையில் கூடினார்கள். நான் உள்ளே அந்த அம்மையாரின் அருகில் அமர்ந்திருந்தேன். ஒரு பெரியவர் காக்காவிடம் கேட்டார்: "கேள்விப்பட்டுச் சொல்லுகிறீர்களா, கண்ணால் கண்டு சொல்லுகிறீர்களா?"

"கண்ணால் கண்டேன். மேமியோ மருத்துவமனையில் என் பக்கத்தில்தான் ரூஹ் பிரிந்தது. அடக்கம் செய்யும்போதும் உடன் நின்றேன்" என்றார் காக்கா.

எல்லாரும் மௌனமானார்கள். அப்போது கதவுக்கு உட்புறத்திலிருந்து அந்த அம்மையார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கடைசியில் தண்ணீர் கேட்டாரா?"

காக்கா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "கேட்டார், லாத்தா. கொண்டுவரப் போனேன். திரும்பி வருவதற்குள் கண் மூடிவிட்டார்."

என் நெஞ்சு பதறிப் போயிற்று. "கொடுத்தேன்" என்று ஒரு சொல் சொன்னால் என்ன, இத்தனை ஆண்டுகள் காத்திருந்த ஒருத்திக்கு அந்த ஆறுதலைக் கூடவா கொடுக்கக் கூடாது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த அம்மையார் சற்று நேரம் அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக் கொண்டு, "கொண்டுவரப் போனீங்களே தம்பி, அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும்" என்றார். திரும்பும்போது இரயிலில் நான் காக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் என்னைக் கேட்கவில்லை.

ஆண்டுகள் ஓடின. நான் ஆசிரியைப் பயிற்சி முடித்து, அம்பத்தூரில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குத் திருமணம் செய்து வைத்ததும் காக்காதான். அதற்காக வாங்கிய கடனை அவர் அடைத்து முடிக்க ஆறு ஆண்டுகள் ஆயின என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது.

விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம் 1972இல் தொடங்கியது. 1980 ஆகஸ்டில் அது விரிவாக்கப்பட்டு, ஓய்வூதியமும் மாதம் 300 ரூபாய் ஆயிற்று. அந்நாளில் அது எங்கள் குடும்பத்துக்குப் பெரிய தொகை. காக்காவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. மச்சி ஆஸ்துமாவால் அவதிப்பட்டுக் கொண்டிருந்தார். மகளுக்கு மாப்பிள்ளை பேசி வந்தார்கள். அந்த 300 ரூபாய் கிடைத்தால் காக்கா லேத்தை விட்டு இறங்கலாம்.

ஆனால், சிறையில் இருந்ததற்கு ஆவணம் வேண்டும். ஆவணம் இல்லையென்றால், சிறையில் உடனிருந்தவர் சான்று வேண்டும். ஆவணத்தை உம்மா எரித்துவிட்டார். காக்காவுடன் உண்மையாகவே ஒரே கொட்டடியில் இருந்த நண்பர் பர்மாவிலேயே தங்கிவிட்டவர். அவருக்கு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை.

நான் ஒரு வழி கண்டேன். என் கணவருக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் தேசிய இராணுவத்தில் இருந்து, ரங்கூன் சிறையையும் கண்டு, ஓய்வூதியமும் பெற்று வந்தவர். நல்ல மனிதர். அவர் காக்காவைச் சிறையில் பார்த்ததில்லை. ஆனாலும் காக்கா சொன்ன விவரங்களைக் கேட்டதும், "இவர் அங்கே இருந்தது சத்தியம், இல்லாதவருக்கு இவையெல்லாம் தெரியாது. நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்று மனமுவந்து சொன்னார். விண்ணப்பத்தை என் கையாலேயே ஆங்கிலத்தில் நிரப்பினேன். பெரியவரின் சான்றையும் நானே எழுதினேன். காக்காவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

காக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. "படித்துச் சொல் தங்கச்சி" என்றார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். சான்றுத் தாள் வந்ததும் நடுவில் இரண்டு வரிகளை விட்டுவிட்டு மேலே போனேன். காக்கா விரலை அந்த இடத்தில் வைத்தார். "இங்கே இரண்டு வரி இருக்கிறதே, அதில் என்ன எழுதியிருக்கிறது?"

வேறு வழியில்லாமல் சொன்னேன்: "நாங்கள் இருவரும் ஒரே கொட்டடியில் ஒன்றாக இருந்தோம் என்று எழுதியிருக்கிறது."

"நான் அவரைக் கண்டதே இல்லையே?"

"நீங்கள் சிறையில் இருந்தது உண்மைதானே காக்கா?"

"நான் இருந்தது உண்மை. அவர் கண்டார் என்பது பொய். அது எனக்காக அவர் சொல்லும் பொய்ச்சாட்சி."

நான் அழுதேன். மச்சியின் இருமல் உள்ளறையிலிருந்து கேட்டுக் கொண்டிருந்தது. அதைச் சுட்டிக் காட்டினேன். மகளின் திருமணத்தைச் சொன்னேன். "இந்த நாட்டுக்கு நீங்கள் கொடுத்ததில் நூற்றில் ஒரு பங்கைத்தானே கேட்கிறோம்" என்றும் சொன்னேன். காக்கா கோபிக்கவில்லை. பொய்ச்சாட்சி பெரும் பாவங்களில் ஒன்று என்று எச்சரிக்கும்போது, அதுவரை சாய்ந்திருந்த பெருமானார் (ஸல்) அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்ற செய்தியை ஜும்ஆ பயானில் கேட்டிருப்போம். காக்கா அதைக் கூட எனக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது இதுதான்:

"நாலு வீட்டுக்குப் போய், 'கண்ணால் கண்டேன்' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். என் சொல்லைத் தவிர அவர்களிடம் வேறு சாட்சி கிடையாது. அதை நம்பித்தான் அந்தப் பிள்ளைகள் பங்கு பிரித்துக் கொண்டார்கள். அந்த லாத்தா மனத்தை ஆற்றிக் கொண்டார். இப்போது காணாததைக் கண்டதாக ஒருவரைச் சொல்ல வைத்தால், நான் கண்டதாகச் சொன்னதும் அப்படித்தான் என்று ஆகிவிடாதா?"

இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு இரயிலில் நான் காட்டிய கோபத்துக்கும் அன்றுதான் எனக்கு விடை கிடைத்தது. காக்கா விண்ணப்பத்தை இரண்டாக மடித்து என் கையில் கொடுத்தார். மறுநாள் அந்தப் பெரியவரின் வீட்டுக்குத் தாமே சென்று, அவருடைய நல்ல மனத்துக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

சகோதரிகளே! நேர்மையாக நடந்தார், உடனே கதவுகள் திறந்தன என்று முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. காக்கா அறுபத்தெட்டு வயது வரை லேத்தில் நின்றார். மகளின் திருமணத்துக்கு மச்சியின் வளையல்கள் போயின. நானும் என்னால் இயன்றதைக் கொடுத்தேன். 1988இல் மச்சி காலமானார். நல்ல மருத்துவம் பார்த்திருந்தால் இன்னும் சில ஆண்டுகள் இருந்திருப்பாரோ என்ற எண்ணம் இன்றும் என்னை வருத்துகிறது. காக்கா பிடித்தது சரியான நிலை என்பதை நான் அறிவேன். அதன் விலையை அவருடைய வீட்டாரும் சேர்ந்து கொடுத்தார்கள் என்பதையும் மறைக்க மாட்டேன்.

2003இல் காக்கா வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸாவைத் தூக்க மஹல்லாவாசிகளும் பட்டறையின் பழைய தோழர்களும் வந்தார்கள். கொடியில்லை, மரியாதை அணிவகுப்பில்லை. போருக்குப் போனவர் என்பதே அங்கிருந்தோரில் பாதிப்பேருக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் அறுபது வயதைக் கடந்த ஒருவர் வாசலில் வந்து நின்றார். இராமநாதபுரத்திலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்திருந்தார். 1940இல் கைக்குழந்தையாக விடப்பட்டவர் அவர்தான். "வாப்பாவின் முகம் எனக்குத் தெரியாது. வாப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனவர் முகத்தையாவது பார்க்கலாம் என்று வந்தேன். தாமதமாகிவிட்டது" என்றார். அவருடைய உம்மா தம் மறைவு வரை காக்காவுக்காகத் துஆச் செய்து வந்ததாகவும் சொன்னார். என் கையால் அவருக்குச் சோறு போட்டேன். குறிப்பேட்டை எடுத்து, காக்காவின் கையெழுத்தில் இருந்த அவருடைய வாப்பாவின் பெயரைக் காட்டினேன். அவர் அதை நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்தார்.

பூந்தமல்லிச் சகோதரிக்கு என் விடை இதுதான். சொத்து இல்லாத வீடு இருக்கலாம். சொல்ல வேண்டியது எதுவுமே இல்லாத வீடு இருக்காது. உங்கள் மாமனாரோ, பெரியம்மாவோ, பக்கத்து வீட்டுப் பெரியவரோ எந்த ஊரிலிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள், எதைக் கண்டார்கள் என்று கேளுங்கள். இன்றிரவு இஷாவுக்குப் பிறகே தொடங்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். ஆண்டையும் ஊரையும் பெயரையும் குறித்துக் கொள்ளுங்கள். அவர்கள் கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்து எழுதுங்கள். மிகைப்படுத்த வேண்டாம். காக்கா உயிரோடிருந்தபோது நான் இதைச் செய்யவில்லை. அந்த ஏழு பேரைப் பற்றி அவர் எழுதி வைத்தார். அவரைப் பற்றி எழுத அருகில் ஆசிரியையான நான் இருந்தும் எழுதாமல் விட்டுவிட்டேன். இப்போது நினைவிலிருந்து எழுதுகிறேன்.

மேமியோவையும் ரங்கூன் சிறையையும் நான் கண்டதில்லை. அவற்றைக் காக்கா சொல்லக் கேட்டேன். இராமநாதபுரத்து வீட்டையும், மடித்துக் கொடுத்த விண்ணப்பத்தையும், மூன்றாம் நாள் வந்து நின்ற அந்த மகனையும் கண்ணால் கண்டேன். காக்காவுக்காகத் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.